புது ரிவால்வரைச் சுட்ட பிறகு: எது அழுக்கு, எது தேய்மானம், எது பழுது?

ஹூஸ்டனில் நான் போகும் துப்பாக்கி சுடும் கூடத்தில், புது ரிவால்வரை முதல்முறையாகச் சுட்டு முடித்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். சிலிண்டர் முகத்தில் கரி வளையங்கள், அதன் சுற்றளவில் ஒரு கோடு, சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சுவரில் ஒரு கீறல், குழலுக்கு மேலே புகைத் திட்டு. காசைக் கொட்டி வாங்கிய பொருள் ஒரே மதியத்தில் பழசாகிவிட்டதே என்ற கவலை முகத்தில் எழுதியிருக்கும். அவர்கள் சுட்டிக்காட்டும் தடங்களில் பெரும்பாலானவை எந்த ரிவால்வரிலும் வந்தே தீரும். உண்மையில் கவலைப்பட வேண்டிய ஒன்றிரண்டை அவர்கள் கவனித்திருக்கவே மாட்டார்கள். அவை அவ்வளவு கறுப்பாக இருப்பதில்லை.

அமெரிக்காவுக்கு வருவதற்கு முன் நான் கோவை பீளமேட்டில் ஒரு பம்ப் தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்தவன். ஓடி நின்ற எந்திரத்தைப் பிரித்தால் முதலில் பார்ப்போம், பிறகுதான் மண்ணெண்ணெயில் கழுவுவோம். எண்ணெய் எந்தப் பக்கம் வழிந்தது, தூள் எந்த மூலையில் சேர்ந்தது என்பதெல்லாம் கழுவியதும் போய்விடும். ரிவால்வருக்கும் அதேதான். வீட்டுக்குப் போனதும் பிரஷ்ஷும் கரைப்பானுமாக உட்கார்ந்துவிடாதீர்கள்.

இங்கே நான் மனத்தில் வைத்துப் பேசுவது .357 மேக்னம் தோட்டாவுக்கான, சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும், துருப்பிடிக்காத எஃகு ரிவால்வர். என்னுடையது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 686, நான்கு அங்குலக் குழல். ரூகர் ஜிபி100 வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சிலிண்டரைத் திறந்து, தோட்டா உட்காரும் துளையான ஒவ்வொரு அறையையும் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு மேசை விளக்கை அணைத்துவிட்டு, ஒரு சிறு டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளம் சாய்ந்த ஒளியில் நிழலோடு தெரியும். கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள்: சிலிண்டரின் முன்முகம், பின்முகம், குழலின் பின்வாய், அதற்கு மேலே இருக்கும் சட்டத்தின் (துப்பாக்கியின் உடற்கூட்டின்) பட்டை, பின்சுவர், சுத்தியலின் இரு பக்கங்கள். அடுத்த முறை சுட்ட பிறகு இதே கோணங்களில் எடுத்து ஒப்பிட்டால்தான் ஒரு தடம் வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பது தெரியும். ஒரே படத்தைப் பார்த்து யாராலும் அதைச் சொல்ல முடியாது.

முதலில் அழுக்கைப் பார்ப்போம். நிறத்தை வைத்தே பாதி தெரிந்துவிடும். மென்மையான கறுப்புப் பூச்சு, வெடிமருந்து எரிந்த கரி. பழுப்பு நிறத்தில் வார்னிஷ்போல் இறுகியிருந்தால், ஈயக் குண்டில் தடவியிருந்த மெழுகு வெந்து ஒட்டியது. சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் தகடுகளும் பொட்டுகளும் ஈயம். குழலுக்குள் செம்பு நிறக் கோடுகள் தெரிந்தால் குண்டின் செம்பு உறை உரசியது. சிலிண்டரின் பின்புறம் காலித் தோட்டா உறைகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் கீழே மஞ்சளாகவோ கரும்பச்சையாகவோ சிறு துணுக்குகள் கிடந்தால் எரியாமல் போன வெடிமருந்து. அம்மோனியா கலந்த கரைப்பானில் நனைத்த துணி நீலமாக வெளிவந்தால் குழலில் செம்பு இருக்கிறது என்று பொருள்; ஆனால் வெண்கலப் பிரஷ்ஷால் தேய்த்த பிறகு அதே துணியை விட்டால் பிரஷ்ஷின் செம்பே நீலமாகக் கரைந்து வரும். அதைப் பார்த்துவிட்டு இரவு முழுக்கத் தேய்த்தவர்களை நான் அறிவேன்.

சிலிண்டரின் முன்முகத்தில் ஒவ்வொரு அறையின் வாயைச் சுற்றியும் கறுப்பு வளையம் இருக்கும். எல்லாரையும் முதலில் பயமுறுத்துவது இதுதான். இருப்பதிலேயே தீங்கில்லாததும் இதுதான். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் ஒவ்வொரு வெடிப்புக்கும் அனல் வாயு சீறி வெளியேறுகிறது. அது நக்கிய இடம் கறுக்கிறது. துடைத்தெடுத்தால் அடுத்த ஆறு தோட்டாவில் திரும்ப வந்துவிடும். நான் மேலாகத் துடைத்துவிட்டு விட்டுவிடுகிறேன். ஈயம் எடுக்கும் மஞ்சள் துணி என்று கடையில் விற்கிறார்கள். துருப்பிடிக்காத எஃகில் அது வளையத்தை மாயமாக எடுத்துவிடும். கருநீலப் பூச்சுள்ள துப்பாக்கியில் பூச்சையும் சேர்த்து எடுத்துவிடும். நிக்கல் பூச்சு என்றால் அம்மோனியாக் கரைப்பானையும் தள்ளி வையுங்கள். நிக்கலுக்கு அடியில் செம்புப் படிவு இருந்தால் அது விரிசல் வழியே இறங்கிச் செம்பைத் தின்று, பூச்சு உரியும். டைட்டானியம் சிலிண்டரில் எந்த உராய்வுப் பொருளும் கூடாது.

வாங்கிய அன்று, ஒரு தோட்டாகூடச் சுடாத நிலையிலேயே ஓரிரு அறைகளில் கரி வளையம் இருந்தால் கடைக்காரர் பழைய துப்பாக்கியை ஏமாற்றி விற்றுவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தொழிற்சாலையில் சோதனைக்குச் சுட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். மேரிலாந்து மாநிலம் 2000 முதல் 2015 வரை, அப்படிச் சுட்ட காலி உறையைத் துப்பாக்கியோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்றே சட்டம் வைத்திருந்தது.

அடுத்து அறைகளின் உள்ளே. .357 துப்பாக்கியில் விலை மலிவான .38 ஸ்பெஷல் தோட்டாவைச் சுடலாம், எல்லாரும் சுடுகிறோம். .38-இன் உறை 1.155 அங்குலம், .357-இன் உறை 1.29 அங்குலம். அந்த 3.4 மில்லிமீட்டர் வித்தியாசத்தில், .38 உறையின் வாய்க்கு முன்னால், கரியும் ஈயமும் சேர்ந்து ஒரு வளையம் படியும். அடுத்த வாரம் .357 தோட்டாவைப் போட்டால் கடைசி இழையில் சிக்கும். அல்லது சுட்டபின் உறை வெளியே வர மறுக்கும். உறை சிக்குகிறது என்றதும் தோட்டா அழுத்தம் அதிகம் என்றோ அறை கோணல் என்றோ முடிவுகட்டிவிடாதீர்கள். முதலில் அந்த வளையத்தை எடுங்கள். அறை அளவைவிடச் சற்றுப் பெரிய .40 வெண்கலப் பிரஷ்ஷில் கரைப்பான் தொட்டு, பின்னாலிருந்து முன்னால் முழுதும் தள்ளி வெளியே எடுங்கள். நடுவில் திருப்பி இழுத்தால் பிரஷ்ஷின் மயிர்கள் மடங்கும். சுத்தம் செய்த பிறகும் ஒரே ஓர் அறையில் மட்டும் உறை சிக்கினால் அது அந்த அறையின் கோளாறு: உள்ளே கடைசல் தடம் நீங்காமல் இருக்கலாம். சிக்கிய உறையை டார்ச்சில் சுழற்றிப் பார்த்தால் அதன் உடம்பில் அந்தத் தடம் அச்சாகப் பதிந்திருக்கும்.

நட்சத்திரத் தகட்டின் அடியையும் பாருங்கள். எரியாத மருந்துத் துணுக்கு ஒன்று அங்கே போனால் தகடு முழுதாக அமராது. சிலிண்டர் பின்சுவரில் உரசி, விசை கல்லாய் இறுகும். புது ரிவால்வர் ‘ஜாம்’ ஆகிவிட்டது என்று வருபவர்களில் பாதிப்பேருக்குப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷே மருந்து. உறைகளைத் தள்ளும்போது குழலின் வாயை மேலே உயர்த்தி, ஒரே அடியில் தண்டைத் தட்டினால் துணுக்குகள் கீழே கொட்டிவிடும். பொறுமையாக மெல்லத் தள்ளுபவர்களுக்குத்தான் அவை தகட்டுக்குள் புகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அந்தத் தண்டே கழன்று முன்னால் வந்தாலும் இதே இறுக்கம் வரும், சிலிண்டர் திறக்கவும் மறுக்கும். இன்றைய மாடல்களில் அதன் மரை இடது மரை. முறுக்குவதற்கு முன் காலி உறைகளை அறைகளில் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தகட்டின் மீது முறுக்கம் விழும்.

இனித் தேய்மானம். ஒரு தடத்தைத் துணியில் கரைப்பான் தொட்டுத் துடைத்தும் அது போகவில்லை என்றால், விரல்நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிப் போனால் மேற்பரப்பு மட்டும் மெருகேறியிருக்கிறது. நகம் மாட்டினால் உலோகம் வெட்டுப்பட்டிருக்கிறது அல்லது ஓரம் பிதுங்கியிருக்கிறது.

சிலிண்டரைச் சுற்றி வரும் கோடு முதல் வகை. சிலிண்டரைப் பூட்டி நிறுத்தும் ஸ்டாப் என்ற சிறு நாக்கு சட்டத்தின் அடியிலிருந்து எழும்பி, சிலிண்டரின் மேல் வெட்டிய ஒவ்வொரு காடியிலும் (பள்ளத்திலும்) விழுகிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனில் அது காடியை விட்டு விலகிய சற்று நேரத்திலேயே மீண்டும் எழும்பிவிடுவதால், அடுத்த காடி வரும்வரை சிலிண்டரின் மேல் உரசிக்கொண்டே போகும். ஆகவே அந்தக் கோடு வடிவமைப்பிலேயே இருக்கிறது. அது வரக்கூடாது என்று சிலிண்டரைச் சுற்றாமலே வைத்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. அவர்களுக்கு ரிவால்வர் எதற்கு என்று எனக்கு விளங்கியதில்லை. கோடு பள்ளமாக, நகம் மாட்டும்படி இருந்தால் மட்டும் ஸ்டாப்பின் முனையில் பிசிறு இருக்கிறது என்று கொள்ளுங்கள். காடிகளின் ஓரத்தையும் அப்போதே பாருங்கள். ஸ்டாப் வந்து மோதும் பக்கத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கியிருந்தால், விசையை வேகவேகமாக இழுத்துக் காலியாகச் சுட்டுப் பழகுபவரின் துப்பாக்கி அது.

பின்சுவரில் இடது ஓரத்திலிருந்து நடுத் துளைவரை பளிச்சென்று ஒரு கீற்று போயிருக்கும். சிலிண்டரை மூடும்போது நடு ஊசி அந்தச் சரிவில் ஏறித் துளையில் விழுகிறது. அந்த ஊசியின் பாதைதான் அது. சினிமாவில் வருவதுபோல் மணிக்கட்டைச் சொடுக்கி மூடினால் அந்தக் கீற்று ஆழமாவதோடு, சிலிண்டரைத் தாங்கும் கையும் வளைந்துவிடும். அப்படி வளைந்த கை எல்லாத் தொல்லைகளுக்கும் தாய். நடுவில் பளபளக்கும் வட்டம் சிலிண்டரின் பின்பற்கள் உரசியது, அதுவும் இயல்பு. சுடும் ஊசி வெளிவரும் துளையைச் சுற்றிப் பித்தளை நிறப் பொட்டுகள் இருந்தால் துடைத்துப் பாருங்கள். உறையும் அதன் பிட்டத்தில் ஊசி குத்தும் பிரைமர் என்ற பற்றவைப்புக் குமிழும் உரசி ஒட்டியவை, போய்விடும். துளையின் விளிம்பில் பிசிறு எழும்பியிருந்தால் அது போகாது. சுட்ட உறைகளின் பிட்டத்தில் ஒரே இடத்தில், ஒரே திசையில் கீறல் விழுந்திருக்கும்.

சுத்தியலின் இரு பக்கங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் நிறம் அழிந்து நீளமான உரசல் இருந்தால் அது சட்டத்தில் உரசிக்கொண்டே விழுகிறது. அடி பலவீனமாகி, பிரைமர் சில சமயம் வெடிக்காமல் போகும். ஆனால் வெடிக்காத தோட்டாவுக்கு முதல் சந்தேகம் கைப்பிடியின் முன்பக்கத்தில் இருக்கும் வில் அழுத்தத் திருகு. அது அரைச் சுற்று தளர்ந்திருந்தாலே போதும். முதலில் அதை முழுதாக முடுக்கிப் பாருங்கள்.

குழலின் பின்வாயும் அதைச் சுற்றியுள்ள இடமும்தான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். அறையிலிருந்து பாயும் குண்டைக் குழலுக்குள் வாங்கிக்கொள்ள அந்த வாய் உட்புறம் புனலாக விரிந்திருக்கும். ஃபோர்சிங் கோன் என்பார்கள். அதில் சாம்பல் நிறத் தகடு படிந்திருந்தால் ஈயம். கலப்பில்லாத செம்புக் கம்பிச் சுருளிலிருந்து சில இழைகளைப் பழைய பிரஷ்ஷில் சுற்றித் தேய்த்தால் வந்துவிடும். கடையில் செம்பு என்று விற்பதில் பல, செம்பு முலாம் பூசிய இரும்பு. காந்தத்தைக் காட்டிப் பாருங்கள், ஒட்டினால் குழலுக்குள் விடாதீர்கள். சுத்தம் செய்தபின் அந்த வாயின் அடிப்பக்கத்தை, கடிகாரத்தில் ஆறு மணி இருக்கும் இடத்தை, லென்ஸில் பாருங்கள். 1950-களில் வந்த ஸ்மித் மாடல் 19 போன்ற நடுத்தரச் சட்டத் துப்பாக்கிகளில், சிலிண்டரின் கைக்கு இடம்விட அந்த அடிப்பக்கத்தைத் தட்டையாகச் சீவியிருப்பார்கள். 125 கிரெயின் எடையுள்ள இலகுவான மேக்னம் குண்டுகளைத் தொடர்ந்து சுட்டால் சரியாக அங்கேதான் விரிசல் விழும். 686-இல் அந்தச் சீவல் கிடையாது. எந்தத் துப்பாக்கியிலும் மயிரிழை விரிசல் கண்ணில் பட்டால் சுடுவதை அன்றோடு நிறுத்த வேண்டியதுதான். தேய்த்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

அதற்கு நேர் மேலே, சட்டத்தின் பட்டையில், குறுக்காக மெல்லிய கோடு ஒன்று விழத் தொடங்கியிருக்கலாம். இடைவெளியில் சீறும் அனல் உலோகத்தை அரித்த தடம் அது. .38 ஸ்பெஷலின் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு, .357-க்கு 35,000 பவுண்டு. ஆகவே .38 மட்டும் சுடுபவர் இதைப் பார்க்காமலே போகலாம். பார்ப்பதற்குப் பயமாக இருந்தாலும் ஓர் ஆழத்துக்குப் பிறகு வளர்ச்சி நின்றுபோவதே வழக்கம். இலகுவான குண்டையும் மெதுவாக எரியும் மருந்தையும் குறைத்து, 158 கிரெயின் குண்டுக்கு மாறினால் இன்னும் தாமதமாகும்.

சரி, மெய்யான பழுது எப்படி இருக்கும்? சுட்டு முடித்து, துடைக்காமல், துப்பாக்கியை முன்னாலிருந்து பாருங்கள். குழலின் பின்வாய்க்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் புகையும் ஈயமும் ஏறக்குறைய ஒரே அளவில் தெறித்திருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் ஈயப் பொட்டுகள் அடைந்திருந்தால், குண்டு நேராகப் போகாமல் வாயின் ஓரத்தில் சீவப்பட்டுப் போகிறது. எங்கள் கூடத்தில் ஒரு நண்பரின் புது ரிவால்வர் (எந்த நிறுவனம் என்பது வேண்டாம்) அப்படித்தான் இருந்தது. மொத்தக் கரி குறைவுதான். பார்வைக்குச் சுத்தமான துப்பாக்கி. ஆனால் இடப்பக்கச் சட்டத்தில் குழலையொட்டி நகக்கண் அளவுக்கு ஈயத் தகடு ஒட்டியிருந்தது, வலப்பக்கம் வெறும் புகை. அடுத்த தடுப்பில் நின்றவர் கன்னத்தில் ஏதோ குத்துகிறது என்று முறையிட்டிருந்தார். நண்பரோ சிலிண்டர் கோட்டைக் காட்டித்தான் புலம்பிக்கொண்டிருந்தார்.

அப்போது செய்ய வேண்டிய சோதனை எளியது. துப்பாக்கி காலி என்று மறுபடி உறுதி செய்து, சுட்ட காலி உறைகளை எல்லா அறைகளிலும் போடுங்கள். உறை இல்லாமல் செய்தால் சில மாடல்களில் நட்சத்திரத் தகடு ஆடி, பொய்க் கணக்குக் காட்டும். அறைகளுக்கு நேரே மார்க்கர் பேனாவால் ஒன்று முதல் ஆறு வரை எண் எழுதுங்கள். பாதுகாப்பான திசையில் பிடித்து, ஒரு கட்டைவிரலால் சிலிண்டரை மிக லேசாகத் தடுத்தபடி, மறு கட்டைவிரலால் சுத்தியலை மெல்ல, மிக மெல்லப் பின்னுக்கு இழுங்கள். சுத்தியல் முழு நிலையில் நிற்பதற்கு முன்போ அதே நேரத்திலோ ஸ்டாப் காடியில் ‘டிக்’கென்று விழ வேண்டும். சுத்தியல் நின்றுவிட்டது, ஸ்டாப் விழவில்லை, விரலால் சிலிண்டரை இம்மி தள்ளியதும் விழுகிறது என்றால் அந்த அறை பின்தங்குகிறது. நண்பரின் துப்பாக்கியில் நான்காம் எண் அறை பின்தங்கியது, மற்றவை சரி. வேகமாகச் சுடும்போது சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்வதால் எப்போதும் தெரியாது. நிதானமாகச் சுடும்போதுதான் வெளிப்படும்.

அதோடு சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் அளந்துவிடுங்கள். வாகன உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபீலர் கேஜே (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) போதும். சிலிண்டர் முகத்தில் கரி இருக்கும்போது அளக்காதீர்கள். இடைவெளியைக் குறைத்துக் காட்டும். சிலிண்டரை முன்னால் தள்ளிப் பிடித்து ஒரு முறை, பின்னால் தள்ளி ஒரு முறை அளந்து, இரண்டையும் எழுதுங்கள். பின்னால் தள்ளிய அளவு 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள் இருந்தால் திருப்தி, 0.010-ஐத் தாண்டினால் நான் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுப்பேன். இரண்டு அளவுகளின் வித்தியாசமே சிலிண்டரின் முன்பின் ஆட்டம். புதுத் துப்பாக்கியில் அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான் இருக்க வேண்டும். இன்று எவ்வளவு என்பதைவிட, ஆறு மாதம் கழித்துக் கூடியிருக்கிறதா என்பதே முக்கியம்.

தமிழ்நாட்டில் உரிமத்தோடு, கான்பூரில் செய்த, நடுவில் மடியும் வகை .32 ரிவால்வர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே தேய்மானம் முதலில் தெரிவது கீல் ஊசியிலும் மேலே இருக்கும் கொக்கியிலும். மூடிய நிலையில் குழலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள்; ஆட்டம் இருந்தால் உரிமம் பெற்ற ஆயுதப் பழுதுபார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

இந்த வேலை முழுக்க ஈயத்தோடுதான். குண்டில் மட்டுமல்ல, வழக்கமான பிரைமரிலும் ஈயச் சேர்மம் இருக்கிறது. சமையலறை மேசையில் செய்யாதீர்கள், தூளை வாயால் ஊதாதீர்கள், முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கைகழுவிவிட்டுத்தான் காபி. அந்தத் துணிகளைக் குழந்தைகள் கைபடாமல் கட்டிப் போடுங்கள்.

பழுது உறுதியானால் நீங்களே அரம் எடுக்க வேண்டாம்; உத்தரவாதம் போய்விடும். தயாரிப்பாளரை அழைத்தால் அனுப்புவதற்கான வழியைச் சொல்வார்கள். அமெரிக்காவில் பழுதுபார்த்த துப்பாக்கி கடைக்குப் போகாமல் நேரே உங்கள் வீட்டுக்கே திரும்பி வரலாம். கடிதத்தில் “சரியாகச் சுடவில்லை” என்று எழுதினால் துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். “நான்காம் அறை, மெதுவாக இழுத்தால் பூட்டவில்லை, இடப்பக்கம் ஈயம் தெறிக்கிறது, இடைவெளி இவ்வளவு” என்று எழுதுங்கள். துடைப்பதற்கு முன் எடுத்த படங்களை அச்சிட்டு வையுங்கள். எந்த அறையில் சுட்டது என்று எண் எழுதிய காலி உறைகளை ஒரு சிறு பையில் போட்டு உடன் வைக்கலாம். சுடாத தோட்டா ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் போகக்கூடாது.